ஒரு பைக்கு எத்தனை நிமிடம்?

காரைக்குடி அருகே கோட்டையூரில் நாங்கள் தைக்கும் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், மரத்தூண் ஒன்றில் ஒரு கடிகாரம் தொங்குகிறது. 220 ரூபாய்க்கு வாங்கியது. விநாடி முள் சிவப்பு, தூரத்திலிருந்தே தெரியும். பெண்களைச் சேர்த்துத் தையல் கூடம் நடத்தும் ஆசையில் எங்களைப் பார்க்க வருகிறவர்கள் எந்திரங்களைத்தான் முதலில் சுற்றிச் சுற்றி வருவார்கள். இது என்ன விலை, மானியம் கிடைக்குமா, பழையதை எங்கே வாங்கலாம் என்று கேட்பார்கள். நான் அவர்களைக் கடிகாரத்துக்கு எதிரே உட்கார வைத்துவிடுவேன். நியாயக் கூலி, நியாய வணிகம் என்று நாங்கள் சொல்வதெல்லாம் அந்தச் சிவப்பு முள்ளில்தான் தொடங்குகிறது.

இதற்கு முன் 8 ஆண்டுகள் ஒரு மொத்த வியாபாரிக்கு வீட்டிலிருந்தே உள்பாவாடை தைத்துக் கொடுத்தேன். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ‘இவ்வளவு’ எப்படி வந்தது என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சனிக்கிழமை மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், “துணி குறைகிறது”, “நாடா கோணல்” என்று ஏதோ ஒன்றைச் சொல்லிப் பிடித்தம் செய்வார். கையில் சீட்டு எதுவும் தர மாட்டார். ஒரு நாள் பிள்ளையின் பழைய நோட்டில் தொடங்கிய நேரம், முடித்த நேரம், எண்ணிக்கை மூன்றையும் எழுத ஆரம்பித்தேன். ஒரு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தால், சித்தாள் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டு மதினி வாங்குவதில் பாதிகூட எனக்குக் கிடைக்கவில்லை. நூலும் ஊசியும் கரண்டும் என் செலவு வேறு. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கூடம் தொடங்குவது எப்படி என்று நான் இங்கே எழுதுவது அனைத்தும் அந்த நோட்டு கற்றுத்தந்ததுதான்.

கூலியை முதலில் போடுங்கள்

பெரும்பாலோர் சந்தை விலையிலிருந்து கீழே இறங்குகிறார்கள். கடையில் பை 25 ரூபாய், துணி போக, அச்சு போக, லாபம் போக மிஞ்சுவது 4 ரூபாய், அதுதான் தைக்கிறவளுக்கு என்று முடிப்பார்கள். நீங்கள் மறுமுனையிலிருந்து தொடங்குங்கள். ஒரு பெண் ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் அவள் வீட்டுக்கு எவ்வளவு கொண்டுபோக வேண்டும்? தையல் தொழிலுக்குக் குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு என்பதைத் தொழிலாளர் துறை அறிவிக்கிறது. அகவிலைப்படி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 முதல் மாறும். அது தரைமட்டம், அதற்குக் கீழே போகக் கூடாது. பிறகு உங்கள் ஊரில் சித்தாளுக்கு, நடவுக்கு, கடையில் நிற்கிற பெண்ணுக்கு என்ன கூலி என்று விசாரியுங்கள். எல்லாவற்றையும் பார்த்து ஒரு தொகையைக் குழு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இங்கே கணக்குச் சொல்ல வசதியாக எங்கள் 500 ரூபாயையே வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

காலை 9.30 முதல் மாலை 5.30 வரை 480 நிமிடம். சாப்பாட்டுக்கு 40, இரண்டு முறை தேநீருக்கு 20. பாபினில் நூல் சுற்ற, அறுந்த நூலைக் கோக்க, ஊசி மாற்ற, முதுகை நிமிர்த்த 20 என்று விட்டுவிடுங்கள். மிச்சம் 400 நிமிடம். 500 ரூபாயை 400 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 1 ரூபாய் 25 காசு. இந்த நிமிடக் கூலியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இனி எந்தப் பொருள் வந்தாலும் ஒரே கேள்விதான்: எத்தனை நிமிடம்?

அந்த நிமிடத்தை எப்படி அளப்பது என்பதில்தான் முதல் ஆண்டில் நாங்கள் சறுக்கினோம். எங்களில் கை வேகம் புதுவயல் அக்காவுக்கு. அவர் தாம்பூலப் பை ஒன்றை வெட்டி, தைத்து, பிசிறு நீக்கி, இஸ்திரி போட்டு வைக்க 8 நிமிடம் ஆனது. எல்லோரும் கைதட்டினோம். பைக்கு 10 ரூபாய் என்று கூலி போட்டோம். மாதக் கடைசியில் பார்த்தால் நாளொன்றுக்கு 500 வாங்கியவர் அவர் ஒருவர் மட்டும். மற்றவர்களுக்கு ஒரு பை 12 நிமிடம் ஆனது. நாள் முழுக்க எழுந்திருக்காமல் உட்கார்ந்தாலும் 333 ரூபாய்க்கு மேல் போகவில்லை. அந்த வியாபாரி எனக்குச் செய்ததை நானே 13 பேருக்குச் செய்திருக்கிறேன், கூடவே கைதட்டலும்.

ஆகவே நடுத்தர வேகக்காரர் ஒருவரை அளவுக்கு உட்கார வையுங்கள். எங்களுக்கு அது கண்டனூர் அக்கா. காலையில் ஒரு முறை, சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகும் நேரத்தில் ஒரு முறை, 5 மணிக்கு ஒரு முறை அளந்து சராசரி எடுங்கள். அளக்கிறவர் பக்கத்தில் நின்று மூச்சு விடக் கூடாது. தள்ளி உட்கார்ந்து முள்ளை மட்டும் பார்க்க வேண்டும். வேகக்காரர் இதனால் கூடுதலாகச் சம்பாதித்தால் சம்பாதிக்கட்டும், அது அவர் கைத்திறன். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மூன்று மாதம் உருப்படிக் கூலி வேண்டாம். நாள் கூலியே கொடுங்கள். பழகும் கையை எண்ணிக்கையில் போட்டு வாட்டினால், அவள் தையலும் கெடும், வருவதையும் நிறுத்திவிடுவாள்.

தாம்பூலப் பை ஒன்று

செட்டிநாட்டில் தையல் கூடத்துக்குச் சோறு போடுவது கல்யாணந்தான். பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. துணிப் பை கேட்கிறவர்கள் கூடினார்கள். எங்களுக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் தாம்பூலப் பைகள்தான். அதையே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

48 அங்குலப் பன்னா, அதாவது அகலம், உள்ள பருத்தித் துணியில் 24 அங்குல நீளம் வெட்டுங்கள். அகலவாக்கில் 10 அங்குலமாக நான்கு துண்டு எடுத்தால் 40 போய்விடும், 8 மிஞ்சும். அந்த 8 அங்குலப் பட்டையை 2 அங்குல அகலத்தில் நான்கு கீற்றாக்கி, ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினால் 12 அங்குல நீளத்தில் 8 கைப்பிடிகள். நான்கு பைக்கு எட்டுக் கைப்பிடி. ஒரு நூல்கூட வீணில்லை. இந்த வெட்டைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு ஆண்டு ஆனது. அதற்கு முன் கைப்பிடிக்கென்று தனியாகத் துணி வாங்கிக்கொண்டிருந்தோம்.

24 அங்குலத் துண்டின் இரு முனையிலும் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக மடித்து வாய்ப்பகுதிக்கு ஓரம் அடிக்க வேண்டும். பிறகு நடுவில் மடித்துப் பக்கங்களைச் சேர்த்தால் 11 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் பை வரும், அடியில் தையலே இல்லை. கைப்பிடிக் கீற்றின் இரு ஓரங்களையும் உள்ளே மடித்து மறுபடி இரண்டாக மடித்தால் அரை அங்குல அகலம், நான்கு மடிப்புத் துணி. கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் ஒரு சதுரம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போல் இரண்டு கோடு ஓட்டுங்கள். அங்குலத்துக்கு 10 தையல் போதும். துணி ஓட்டத்துக்கு 14 ஆம் எண் ஊசி சரி. நான்கு மடிப்புக் கைப்பிடிக்கு 16 ஆம் எண் ஊசி வேண்டும். அதை மாற்றச் சோம்பல்பட்டு 14 லேயே ஓட்டினால் தையல் தாவும், இல்லாவிட்டால் ஊசி முறியும். முறிந்த துண்டைத் தேடி எடுக்கும் வரை அடுத்த பையைத் தொடக் கூடாது என்பது எங்கள் சட்டம். தேங்காயோடு ஊசி முனையும் விருந்தாளி வீட்டுக்குப் போவதை நினைத்தாலே எனக்குக் குலை நடுங்கும். முதல் பையில் 3 கிலோ அரிசியைப் போட்டு ஆணியில் மாட்டி, மறுநாள் காலை வரை விடுங்கள். தையல் இளகியிருந்தால் அந்த வரிசையை அனுப்ப வேண்டாம்.

இனி விலை. 100 பைக்கு 15 மீட்டரும் கால் மீட்டரும் துணி பிடிக்கும். கறை, கோணல் எல்லாம் சேர்த்து 16 மீட்டர் வாங்குவோம். மீட்டர் 90 ரூபாய் என்றால் ஒரு பைக்கு 14.40. நூல், ஊசி 1 ரூபாய். 12 நிமிடத்துக்கு 1.25 வீதம் கூலி 15 ரூபாய். மணமக்கள் பெயரை அச்சடிக்க வெளியே கொடுப்பது 4 ரூபாய். வாடகை, கரண்ட், எந்திரத் தேய்மானம் 2.50. கூட்டினால் 36.90. இதன்மேல் 10 சதவீதம் குழு நிதிக்கு. 40.59 வரும், 41 ரூபாய் என்று சொல்வோம்.

“கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறதே?”

இந்தக் கேள்விக்கு முன்பெல்லாம் நான் குழைவேன். இப்போது கணக்குத் தாளை எடுத்து நீட்டுகிறேன். கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்னும் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஊர் இது. கணக்கை மறைத்தால்தான் இங்கே மதிப்புப் போகும், காட்டினால் உட்கார்ந்து படிப்பார்கள். ஒரு முறை பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். கூலி 15 ரூபாயில் விரல் நின்றது. சரி, பேரம் தொடங்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் விரல் மேலே போனது.

“100 பைக்கு 16 மீட்டர் என்று என்னிடம் வாங்குகிறாய். செலவாவது பதினைந்தே கால். முக்கால் மீட்டர் எங்கே போகிறது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மூலையில் மூட்டையாகக் கிடந்தது, எலி கடித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மிச்சத் துணிக்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. குங்குமமும் மஞ்சளும் போடும் சுருக்குப் பைகளாக அதைத் தைக்கிறோம். வெட்டுத் துணி அந்தக் கல்யாண வீட்டுடையது என்றால், சுருக்குப் பைகளையும் துணி விலை போடாமல் அவர்களுக்கே கொடுக்கிறோம், தையல் கூலியை மட்டும் வாங்கிக்கொள்கிறோம். ஆச்சி 500 பைக்கு முழு விலையைக் கொடுத்தார். எல்லோரும் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். பத்தில் ஐந்து பேர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும் என்று விடப் பழகுங்கள். விலை குறைக்கத்தான் வேண்டும் என்றால் அச்சை எடுங்கள், துணியை மாற்றுங்கள், பையைச் சிறிதாக்குங்கள். சுவரில் ஒட்டிய நிமிடக் கூலியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

முன்பணம்

உலக நியாய வணிக அமைப்பு என்று ஒன்று இருக்கிறது. 1989 இல் தொடங்கியது. அது 10 கொள்கைகளை வகுத்திருக்கிறது. படித்துப் பார்த்தால் பாதி நம் பாட்டிமார் சொன்ன நாணயப் பேச்சுத்தான். எனக்கு மிகவும் பிடித்தது, கைவினைப் பொருள் வாங்குகிறவர், செய்கிறவர் கேட்டால் குறைந்தது பாதித் தொகையை வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும் என்பது. நாங்கள் அந்த அமைப்பில் உறுப்பினர் இல்லை. ஆனால் இந்த ஒரு விதியைத் தூக்கி வந்து எங்கள் ரசீதின் அடியில் அச்சடித்துவிட்டோம்.

அதன் பலனைப் பாருங்கள். 500 பைக்கு 20,500 ரூபாய். பாதி 10,250. துணிக்கு 7,200 போனால் 3,050 கையில் நிற்கும். மொத்தக் கூலி 7,500. ஐந்து பேர் தைத்தால் மூன்று நாளில் வேலை முடியும், அந்தச் சனிக்கிழமைக் கூலியில் ஒரு பகுதியை யாரிடமும் கடன் வாங்காமல் கொடுத்துவிடலாம். முன்பணம் இல்லாமல் இருந்த காலத்தில் துணிக்காக நகையை வைப்போம். பை விற்ற பணம் வட்டிக்குப் போகும்.

கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் கடனுக்குக் கொடுக்க நேர்ந்தால், அதற்கு முன் உத்யம் என்னும் அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள். இணையத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு செய்வது, கட்டணமே கிடையாது. “பதிந்து தருகிறேன், 2,000 கொடுங்கள்” என்று வருகிற தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பதிவு எண்ணை ஒவ்வொரு ரசீதிலும் போடுங்கள். சிறு, குறு தொழில்களுக்கான 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் வட்டி கேட்கலாம். எங்களிடம் 90 நாள் இழுத்தடித்த ஒரு கடைக்காரர், ரசீதில் அந்த எண்ணையும் சட்டத்தையும் பார்த்த பிறகு அடுத்த முறை 40 ஆம் நாளே அனுப்பிவிட்டார். வழக்கு, புகார் எதுவும் தேவைப்படவில்லை.

கண்டாங்கியும் ஒரு நட்டமும்

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்ட சேலை, அகலக் கரை. அதில் கைப்பை தைத்தால் கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் விரும்பி வாங்குவார்கள். எங்களுக்கும் அப்படி ஓர் ஆர்டர் வந்தது, 60 கைப்பைகள். உள்ளே வெள்ளைத் துணி கொடுத்து அழகாகத் தைத்தோம். ஐப்பசி மழை நாள். ஈரப்பதத்தோடு ஆவி இஸ்திரி போட்டுக்கொண்டே வந்தேன். பத்தாவது பையைத் திருப்பிப் பார்த்தால், உள்துணியில் அரக்குச் சாயம் வெற்றிலைச் சாறு துப்பினாற்போல் இறங்கியிருக்கிறது.

தப்பு என்னுடையது. சாயத் துணியைத் தைப்பதற்கு முன் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். நிறம் ஒட்டினால் தண்ணீரில் தனியாக அலசி, நிழலில் உலர்த்தி, மறுபடி சோதிக்க வேண்டும். அப்போதும் ஒட்டினால் உள்துணியை அடர் நிறமாக மாற்றிவிடுங்கள், அல்லது அந்தத் துணியையே விட்டுவிடுங்கள். நனைத்து உலர்த்துவதால் பருத்தி சுருங்குவதும் வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆர்டர் அவசரத்தில் விட்டுவிட்டேன்.

நட்டம் யார் தலையில் என்று கேள்வி வந்தது. தைத்தவர்களுக்குப் பாதிக் கூலி கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார், சொன்னவரும் தைத்தவர்தான். நாம் எல்லோரும் பழகிப்போன பழக்கம் அது, எதுவானாலும் கூலியிலிருந்து பிடிப்பது. இரண்டு மணி நேரம் பேசி ஒரு விதி எழுதினோம். துணி, அளவு, சாயம், விலை போன்றவற்றில் தவறினால் அது குழுவின் முடிவு, குழு நிதிதான் ஏற்கும். தனி ஒருவர் தையல் பிசகினால், பிரித்துத் தைக்கும் நேரம் அவருடையது, பணப் பிடித்தம் கிடையாது. துணி வீணானால் அதுவும் குழு நிதியில். ஒவ்வொரு விலையிலும் அந்த 10 சதவீதத்தை வைப்பது இதற்காகத்தான். கிடைக்கும் லாபத்தையெல்லாம் தீபாவளிக்குப் பிரித்துக்கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வார்த்தை: விசைத்தறியில் கட்டம் போட்டு வருகிற துணியைக் கண்டாங்கி என்று சீட்டில் எழுதாதீர்கள். நம் கூலிக்கு நியாயம் கேட்டுக்கொண்டு நெசவாளர் பெயரைத் திருடினால் எப்படி? ‘நியாய வணிகம்’ முத்திரைகளும் அப்படித்தான். உறுப்பினராகிச் சோதனைக்கு உட்பட்டவர்கள் மட்டுமே அவற்றைப் போடலாம். நாங்கள் சீட்டில் போடுவது இவ்வளவுதான்: ‘இந்தப் பைக்குத் தையல் கூலி 15 ரூபாய். நேரம் 12 நிமிடம்.’

இடம், எந்திரம், ஆட்கள்

வெளிச்சத்துக்காக வளவு, அதாவது திறந்த நடு முற்றம், உள்ள பழைய வீடு கிடைத்தால் விடாதீர்கள். அங்கிருந்து விழும் பகல் வெளிச்சத்தில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல்கூடத் தெரியும், கரண்டும் மிச்சம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். ஆனால் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள். ஒரு மாசியில் முன்தினம் தொலைபேசியில் சொல்லிவிட்டு 30 பேர் வந்து இறங்கினார்கள். எந்திரங்களை எல்லாம் பக்கத்துக் கொட்டகைக்குத் தூக்கி, 5 நாள் வேலை நின்றது. வாடகை ஒப்பந்தத்தில் ‘15 நாள் முன்னறிவிப்பு’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் தப்பித்திருப்போம். ஆத்தங்குடித் தரை என்றால் எந்திரத்துக்கு அடியில் அட்டையைப் பரப்புங்கள். எண்ணெய்க் கறை அந்தக் கல்லில் இறங்கிவிட்டால் போகாது. நான் தேய்த்துப் பார்த்தவள்.

14 பேருக்கு 14 புது எந்திரம் வேண்டியதில்லை. தடித்த துணிக்கு ஒரு பவர் மெஷின், அதுவும் சர்வோ மோட்டார் உள்ளதாகப் பாருங்கள். பழைய மோட்டார் தைக்காதபோதும் ஓடிக்கொண்டே கரண்டைக் குடிக்கும். ஓரப் பிசிறு அடிக்க ஓர் ஓவர்லாக். மற்றவை சாதாரண எந்திரங்கள், மோட்டார் பூட்டியவை. மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்தவர்கள் எங்களிடம் மூன்று பேர். முக்காலி வேண்டாம், முதுகு சாயும் நாற்காலி வாங்குங்கள். பெண்கள் தயங்காமல் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை இல்லாத இடத்தை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். தண்ணீர் குடிக்காமலே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள், கேட்டால் தாகமில்லை என்பார்கள்.

பள்ளி விடுமுறையில் மகள்கள் அம்மாக்களோடு வந்து பிசிறு வெட்டிக் கொடுப்பார்கள். எனக்கு அது தவறாகவே படவில்லை, நானும் அப்படி வளர்ந்தவள். ஒரு வெளியூர் வாடிக்கையாளர் வந்து பார்த்து, “இந்தப் பிள்ளைகளுக்குக் கூலி உண்டா?” என்று கேட்டார். உண்டு என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. இப்போது பிள்ளைகள் முகப்பில் உட்கார்ந்து படிக்கலாம், விளையாடலாம். கத்தரியைத் தொடக் கூடாது.

சுய உதவிக் குழுவாக இருந்தால் 12 முதல் 20 பேர் வரை சேரலாம், வங்கிக் கடனும் எளிது. கூலி ஒவ்வொருவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், கணவர் கணக்குக்கோ மகன் கணக்குக்கோ அனுப்பாதீர்கள். ஆரம்பத்தில் இரண்டு வீடுகளில் இதனால் சண்டை வந்தது, பிறகு அடங்கியது. தையல் தொழிலாளர் நல வாரியத்தில் அனைவரையும் பதிந்துவிடுங்கள். பிள்ளைகளின் படிப்பு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று சில பலன்கள் உண்டு. வயதுச் சான்றையும் தொழில் சான்றையும் திரட்டுவதற்குத்தான் அலைய வேண்டியிருக்கும். கடன், மானியத் திட்டங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேட்பதே நல்லது.

மாதம் ஒரு முறை நோட்டை உரக்கப் படியுங்கள். வரவு, துணி, கூலி, நிதி, பாக்கி என்று எல்லாம். சாக்கோட்டை அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் போன மாதம் நூல்கண்டுக்கு எவ்வளவு சொன்னேன் என்பது அவருக்கு மனப்பாடம். 40 ரூபாய் வித்தியாசத்தை இரண்டு முறை பிடித்திருக்கிறார்.

கடைசியாக, விலகிப் போகிறவர்களுக்கான விதியை முதல் நாளே எழுதிவிடுங்கள். யாரும் இதை எழுதுவதில்லை. புதுவயல் அக்கா மகளுக்குப் பேறுகாலம் என்று கிளம்பியபோது எங்களிடம் எழுத்தில் ஒன்றுமில்லை. குழு நிதியில் அவர் பங்கு எவ்வளவு, அவர் பழகிய எந்திரம் யாருக்கு என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம். பிறகு இப்படித் தீர்த்தோம்: நிதியில் கடன் போக நிற்பதை, அவரவர் வேலை செய்த மொத்த நாள்களின் விகிதத்தில் பிரிப்பது. எந்திரத்துக்கு ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு தேய்மானம் கழித்து மீதி விலைக்கு அவரே எடுத்துக்கொள்ளலாம். 6 ஆண்டு ஓடிய எந்திரம், வாங்கிய விலையில் பத்தில் நான்கு பங்குக்கு அவரோடு போனது. இப்போது அவர் வீட்டு முகப்பில் ரவிக்கை தைக்கிறார். வைகாசியில் எங்களுக்கு வேலை குவிந்தால் கைப்பிடிகளைக் கட்டாக அவரிடம் அனுப்புகிறோம். ஒரு பைக்கான இரண்டு கைப்பிடிக்கும் சேர்த்து இரண்டரை நிமிடம், சுவரில் உள்ள அதே கூலி. போன முறை மடிப்பு கூடுதலாக இருந்தது, மூன்று நிமிடம் ஆகிறது என்று சொல்லியனுப்பினார். கண்டனூர் அக்காவை உட்கார வைத்து மறுபடி அளந்தோம். மூன்று நிமிடந்தான்.